மாமி வீட்டு ஜெபத்தில் வந்த அர்த்தமும் மகளின் சவுதி வேலையும்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எங்களுக்கு ஊர் குலசேகரம் பக்கம். நான் பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், கல்யாணம் முடிந்து வந்த வீடு பெந்தெகொஸ்தே சபை. வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் உபவாச ஜெபம் உண்டு. யாராவது அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் தாங்கள் கற்றறியாத பாஷையில், பேசினால், சபையிலுள்ள ஓர் அக்கா எழுந்து அர்த்தம் சொல்லுவார்கள். என் மகள் நர்சிங் முடித்து சவுதியில் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். படிப்புக்கு எடுத்த வங்கிக் கடன் அப்படியே நிற்கிறது. போன மாதம் அந்த அக்கா, "என் மகள் சமுத்திரத்தைக் கடக்க வேண்டாம், கடந்தால் கண்ணீரோடு திரும்புவாள்" என்று அர்த்தம் சொன்னார்கள். அன்றிலிருந்து மாமி, ஆண்டவர் தடுத்த பிறகு அனுப்பக் கூடாது என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். என் அண்ணனோ, இந்த வரமெல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டது, இப்போது நடப்பதெல்லாம் நடிப்பு என்கிறான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வயதான தாத்தா ஒருவர் அந்நியபாஷையில் ஜெபித்தபோது, "ஆண்டவரே, நீர் எங்களை மறக்கவில்லை, எங்கள் தகப்பன்மாரையும் மறக்கவில்லை" என்று ஒரு வரி என் மனதில் எழும்பியது. பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதுவும் அர்த்தம்தானா? சொல்லாமல் விட்டது ஆவியை அவித்துப்போட்டதாகுமா, அதாவது ஆவியானவரின் ஏவுதலை அணைத்ததாகுமா? மகளை அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதை முதலில் எடுக்கிறேன், தேதி ஓடுவது அதற்குத்தான். அந்த வெள்ளிக்கிழமை சொல்லப்பட்ட வார்த்தை உங்கள் மகளைக் கட்டாது. அந்த அக்கா பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் முழு மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் வேதம் அர்த்தம் சொல்லும் வரத்துக்கு இப்படி ஓர் அதிகாரத்தை எங்கேயும் கொடுக்கவில்லை. ஒரு வயதுவந்த பெண் எந்த ஊரில் வேலை செய்ய வேண்டும் என்று தீர்ப்பெழுதி, எழுதினதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் அப்போஸ்தலர் காலத்துத் தீர்க்கதரிசிகளுக்கே இருக்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 21-ஆம் அதிகாரத்தை மாமியோடு உட்கார்ந்து வாசியுங்கள். பவுல் எருசலேமுக்குப் போகிற வழி. தீரு பட்டணத்தில் இருந்த சீஷர்கள் ஆவியின் ஏவுதலினாலேயே அவரைப் போக வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி வந்து, பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களையே கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்குரியவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்று சொல்லுகிறார். அகபு சாதாரண ஆளில்லை. பஞ்சம் வரும் என்று முன்னே அவர் சொன்னது ரோமப் பேரரசன் கிலவுதியு இராயன் காலத்தில் அப்படியே நடந்தது என்று அந்தப் புத்தகத்தை எழுதின லூக்கா சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் அழுது தடுக்கிறார்கள். "நாங்களும்" தடுத்தோம் என்று லூக்கா தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துச் சொல்லுகிறார். பவுல் என்ன செய்தார்? போனார். கடைசியில் அவர்கள்தான் "கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது" என்று அமர்ந்தார்கள்.

இங்கே நடந்ததைப் பிரித்துப் பாருங்கள். கட்டுகள் காத்திருக்கின்றன என்பது வெளிப்பாடு. ஆகையால் போகாதே என்பது, அந்த வெளிப்பாட்டைக் கேட்டு நேசத்தினால் மனுஷர் சேர்த்துக்கொண்டது. வெளிப்பாடு சரியாக இருந்தது, சேர்த்த முடிவு சரியாக இல்லை. நம் ஜெபக் கூட்டங்களில் இந்த இரண்டும் ஒரே மூச்சில், ஒரே சத்தத்தில், "என் மகளே" என்ற ஒரே அழைப்பில் வந்துவிடுகின்றன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று சொன்னவருக்கே பல நேரம் தெரிவதில்லை.

சரி, வரம் என்றால் என்ன என்பதற்கு வருவோம்.

பவுல் கொரிந்தியருக்கு முதலாம் நிருபத்தை எபேசுவிலிருந்து, ஏறத்தாழ கி.பி. 55-ல் எழுதினார். கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் இருந்த பட்டணம். ஒன்று கெங்கிரேயா, அங்கே ஒரு சபையும் இருந்தது, பெபேயாள் அதில் ஊழியம் செய்தாள். பல தேசத்தார் வந்துபோகிற ஊர் என்பதால், தெரியாத பாஷை காதில் விழுவது அவர்களுக்குப் புதிதல்ல. அந்தச் சபையில் சிக்கல் வேறாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில் பேசினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, பேசுகிறவர் பெரியவர் என்ற எண்ணம் மட்டும் வளர்ந்தது. வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் பிடித்தவர்கள் என்பானே என்று பவுல் கேட்கிறார். அதற்காக அந்நியபாஷையை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. தடைபண்ணாதிருங்கள் என்றுதான் முடிக்கிறார். ஆனால் சபை நடுவில் பேசினால் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். "அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால், சபையிலே பேசாமல், தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன்."

ஆக, அர்த்தம் சொல்லும் வரம் எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் விளங்கி "ஆமென்" சொல்வதற்கு. 14-ஆம் அதிகாரம் 16-ஆம் வசனம் இதைத்தான் கேட்கிறது: நீ ஸ்தோத்திரம் பண்ணும்போது, நீ பேசுகிறதை அறியாதவன் எப்படி ஆமென் சொல்லுவான்? சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தே நாளில் இந்த வரத்துக்கு வேலையே இருக்கவில்லை. பார்த்தர், மேதர், எலாமீத்தர் என்று பல தேசத்தாரும் தங்கள் தங்கள் பாஷையிலேயே கேட்டார்கள். அர்த்தம் சொல்லுகிறவர் தேவைப்பட்டது கொரிந்து மாதிரியான சபையில், கேட்கிற யாருக்கும் அந்தப் பாஷை தெரியாத இடத்தில்.

இது படித்து வருகிற மொழிபெயர்ப்பு அல்ல. நம் பக்கத்துக் கன்வென்ஷன்களில் மலையாளத்தில் பிரசங்கம் நடக்கும்போது, பக்கத்தில் ஒருவர் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்லிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு இரண்டு பாஷையும் தெரியும். கூட்டத்தில் இருப்பவர்களில் பலருக்கும் இரண்டும் தெரியும். மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் அவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் முன்வரிசையிலிருந்தே திருத்திவிடுவார்கள். பிரசங்கியாரும் ஒரு நிமிடம் நின்று, நான் அப்படிச் சொல்லவில்லை என்பார். ஆனால் அந்நியபாஷைக்கு அர்த்தம் சொல்லும்போது, சொன்னது சரிதானா என்று மூலத்தோடு ஒப்பிட அங்கே யாருமில்லை. பேசினவருக்கே தெரியாது. ஆகவே பாஷையைச் சோதிக்க முடியாத இடத்தில், சொல்லப்பட்ட கருத்தைத்தான் சோதிக்க வேண்டும். இந்த வரத்துக்குச் சோதனை கூடுதலாக வேண்டியதற்குக் காரணம் இதுதான். அர்த்தம் சொல்லுகிறவர்களை அவமதிப்பதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜான் கில்டால் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் அந்நியபாஷையில் பேசியதை ஒலிநாடாவில் பதிந்து, அர்த்தம் சொல்லும் வரம் உண்டு என்றவர்களிடம் தனித்தனியே போட்டுக் காட்டினார்கள். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. கேட்டதற்கு, தேவன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அர்த்தத்தைக் கொடுத்தார் என்று பதில் வந்தது. ஒலிநாடாவில் கேட்பதும் ஆராதனையில் இருப்பதும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். என்றாலும், அர்த்தம் சொல்லப்பட்டுவிட்டது என்பதாலேயே அது தேவனுடைய வாக்கு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த ஆய்வு அசைத்துப் பார்க்கிறது. அசைய வேண்டியதுதான்.

இனி, நான் வகுப்பில் மாணவர்களிடம் வற்புறுத்திச் சொல்லுகிற ஒன்று. "அந்நியபாஷையில் பேசுகிறவன்" மனுஷரிடத்தில் பேசாமல் தேவனிடத்தில் பேசுகிறான் என்கிறது 14:2. பாஷை தேவனை நோக்கிப் போகிற பேச்சு என்றால், அதன் அர்த்தமும் தேவனை நோக்கித்தானே இருக்க வேண்டும்? ஸ்தோத்திரமாக, விண்ணப்பமாக, அவருடைய கிரியைகளைச் சொல்லித் துதிப்பதாக. பெந்தெகொஸ்தே நாளிலும் கூடியிருந்தவர்கள் கேட்டது தேவனுடைய மகத்துவங்களை. பேதுரு போய்ப் பிரசங்கித்த கொர்நேலியு வீட்டில் கேட்டது தேவனைப் புகழுகிறதை. ஆனால் இன்று நாம் கேட்கிற அர்த்தங்களில் பெரும்பாலானவை "என் மகனே", "என் மகளே" என்று தொடங்கி மனுஷருக்கு உத்தரவாக முடிகின்றன. அர்த்தம் சொல்லப்பட்டால் அது தீர்க்கதரிசனத்துக்குச் சமமாகச் சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக்கும் என்று 14:5 சொல்லுவதைக் காட்டி, தேவன் மனுஷரிடம் பேசுவதாகவும் அர்த்தம் வரலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். பல மூத்த பெந்தெகொஸ்தே போதகர்களின் போதனையும் அதுதான், அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அப்படி வந்தால் அதற்குத் தீர்க்கதரிசனத்தின் சட்டமும் பொருந்த வேண்டும். அந்தச் சட்டம் அதே அதிகாரத்தின் 29-ஆம் வசனத்திலேயே இருக்கிறது: "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்." சமானமான மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, சோதனையை விட்டுவிட முடியாது.

உங்கள் வீட்டில் அன்று யார் நிதானித்தார்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வார்த்தை வந்தது, மாமி ஏற்றுக்கொண்டார்கள், முடிந்தது. போதகர் இருந்தாரா? மூப்பர் யாராவது அதைப் பற்றிப் பேசினார்களா? அந்த அக்காவுக்கு உங்கள் மகள் சவுதிக்குப் போகிற விஷயம் முன்பே தெரியுமா? உபவாச ஜெபம் முடிந்து கஞ்சியும் பயறும் பரிமாறும்போது வீட்டு விஷயங்கள் எல்லாம் பேசிக்கொள்கிற சிறு கூட்டம் அது. தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். தெரிந்திருந்தால் அவர்கள் ஏமாற்றினார்கள் என்றாகாது. நம் மனதில் ஏற்கெனவே இருக்கிற கவலை, ஜெப வேளையில் கர்த்தருடைய குரலாகக் கேட்பது யாருக்கும் நேரக்கூடியது. மகளைக் கடல் கடந்து அனுப்பத் தயங்கும் வீட்டில், அந்தத் தயக்கத்துக்கு யாரோ ஒருவர் வாய் கொடுப்பது இயல்பு. அதனால்தான் சோதனையை வேதம் ஒரு ஆளிடம் விடாமல் சபையிடம் கொடுத்தது.

உங்கள் அண்ணன் சொல்வதற்கும் ஒரு பதில் தேவை. அவர் பக்கம் சாட்சி இல்லாமல் இல்லை. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் பிரசங்கித்த சபைப் பிதா யோவான் கிறிசோஸ்தோம், கொரிந்தியர் நிருபத்தில் வரங்களைப் பற்றிய பகுதி தமக்கு மிகவும் தெளிவில்லாமல் இருப்பதாகவும், அன்று நடந்தவை இப்போது நடக்காததே அதற்குக் காரணம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்நியபாஷைகள் ஓய்ந்துபோம் என்று பவுலே 13-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் எப்போது? நிறைவானது வரும்போது, முகமுகமாய்ப் பார்க்கும்போது. அது கர்த்தருடைய வருகையைக் குறிக்கிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, அது இன்னும் வரவில்லை. அப்புறம், இது அமெரிக்காவிலிருந்து 1906-க்குப் பிறகு இறக்குமதியான பழக்கம் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் 1860-ல் எழுப்புதல் உண்டானபோதே, மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் தம் நாட்குறிப்பில், சிலர் அந்நியபாஷைகளில் தேவனைத் துதித்ததையும் அதற்கு அர்த்தம் சொல்லப்பட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். துதித்தார்கள் என்றுதான் அவரும் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். எல்லாம் நடிப்பு என்று அண்ணன் ஒரே வார்த்தையில் தள்ளினால், அந்தப் பழைய விசுவாசிகளையும் சேர்த்தே தள்ள வேண்டியிருக்கும். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்கிறார், அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்கிறார். மாமிக்கு இரண்டாவது பாதி வேண்டும், அண்ணனுக்கு முதல் பாதி வேண்டும்.

இனி உங்கள் மனதில் எழும்பிய வரி.

நான் அந்த அறையில் இல்லை, ஆகவே அது வரம்தான் என்று இங்கிருந்து முத்திரை போட மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி இரண்டாம் முறை வாசிக்க வைத்தது அந்த வரிதான். "ஆண்டவரே, நீர் எங்களை மறக்கவில்லை, எங்கள் தகப்பன்மாரையும் மறக்கவில்லை." அது தேவனை நோக்கிப் பேசுகிறது. ஸ்தோத்திரமாக இருக்கிறது. யாரையும் பயமுறுத்தவில்லை, யாருக்கும் உத்தரவு போடவில்லை. கேட்கிற எவரும் ஆமென் சொல்லலாம். ஒரு வயதானவர் ஜெபிக்கும்போது அப்படி ஒரு நன்றி அவர் உள்ளத்திலிருந்து புறப்பட்டிருப்பது எவ்வளவு பொருத்தம்! 14-ஆம் அதிகாரம் காட்டுகிற உருவத்துக்கு, போன மாதம் உரக்கச் சொல்லப்பட்ட வார்த்தையைவிட உங்கள் மௌனத்தில் இருந்த வரி கிட்டத்தில் நிற்கிறது.

சொல்லாமல் விட்டதற்காகக் கலங்காதீர்கள். "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே." வரம் பெற்றவர் பேசவும் முடியும், அடக்கவும் முடியும். அன்று பயத்தில் அடக்கினீர்கள், அவ்வளவுதான். ஆவியை அவித்துப்போட்டவள் என்று யாராவது உங்களைச் சொன்னால் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டாம். அடுத்து என்ன செய்வது? அந்நியபாஷையில் பேசுகிறவனையே அர்த்தமும் சொல்லும்படி விண்ணப்பம்பண்ணச் சொல்லுகிறார் பவுல். அப்படியானால் வாஞ்சித்துக் கேட்பதில் தவறில்லை, நீங்களும் கேளுங்கள். ஆனால் கூட்டத்தில் திடீரென எழுவதற்கு முன் போதகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அர்த்தம் சொல்லுகிறவன் இல்லாவிட்டால் பேசாதே என்று பவுல் சொன்னாரே, அங்கே இருக்கிறாரா இல்லையா என்று பேசுகிறவருக்கு எப்படித் தெரியும்? இந்த வரம் யார் யாருக்கு உண்டு என்று சபை அறிந்திருந்தால்தான் முடியும். சபை அறிந்து, பழகி, சோதித்த வரம் அது. நீங்களும் அந்த வழியில் வருவது நல்லது. சொல்லும்போது "கர்த்தர் சொல்லுகிறார்" என்று தொடங்க வேண்டாம். "அந்த ஜெபத்தின் கருத்து இப்படி என்று என் உள்ளத்தில் தோன்றியது, பெரியவர்கள் நிதானியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வார்த்தை தேவனுடையதானால் இந்தத் தாழ்மையினால் அதற்கு ஒன்றும் குறைந்துபோகாது.

மாமியிடம் எப்படிப் பேசுவது? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அந்த அக்காவுக்கும் அது அவமானம், மாமிக்கு அதைவிட அவமானம். கணவரையும் கூட்டிக்கொண்டு, மாமியையும் வைத்து, போதகரைத் தனியே பாருங்கள். அகபு பகுதியை வாசித்து, "ஐயா, இந்த வார்த்தையைச் சபை நிதானித்ததா?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல போதகர் உட்கார்ந்து பேசுவார், அந்த அக்காவையும் கூப்பிட்டுப் பேசுவார். சோதிப்பதே பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவம் என்று அவர் மிரட்டினால், அப்போது பிரச்சினை உங்கள் மகளின் பயணத்தில் இல்லை, அந்தச் சபையின் நடத்துதலில் இருக்கிறது. அப்படி ஒன்று நடந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

மாமியின் பயத்தைத் தள்ளிவிடவும் வேண்டாம். அகபுவின் வார்த்தை பவுலைத் தடுக்கவில்லை, ஆனால் என்ன வரப்போகிறது என்று தெரிந்து போக உதவியது. உங்கள் வீட்டிலும், கண்ணீரோடு திரும்பாதபடி பார்த்துக்கொள்ள வேண்டிய காரியங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. வேலை எந்த ஏஜென்சி வழியாக வந்தது? சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்குப் போகும் நர்சுகளுக்கு 2015 முதல் குடிபெயர்வு அனுமதி கட்டாயம், ஆள் எடுப்பதும் அதற்கென்று மத்திய அரசு அனுமதித்த நிறுவனங்கள் வழியாகத்தான் நடக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், கேரளத்தின் நோர்க்காவும் அவற்றில் உண்டு. தெருவில் ஒரு அறை எடுத்து, சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அர்த்தம் சொல்ல யாரும் வேண்டாம், அங்கேயே நிறுத்திவிடுங்கள். வேலை ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், விடுப்பு எழுதியிருக்கிறதா என்று மகளே வாசிக்கட்டும். புரியாத இடத்தை ஏற்கெனவே அங்கே வேலை செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கட்டும். குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் வரை அப்படிப் போய் வேலை செய்கிற பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

அதெல்லாம் சரியாக இருந்து, மகளுக்கும் போக மனமிருந்தால், அனுப்புங்கள். போகிற வாரத்து வெள்ளிக்கிழமை ஜெபத்தில் மாமியையே தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொல்லுங்கள். அந்த அக்காவும் வரட்டும்.